நீலம் போன பாட்டில்கள்

“திறக்காதீங்கக்கா! திறக்காதீங்க!”

கதவைப் படபடவென்று தட்டுகிறவளே இப்படிக் கத்தினால் உள்ளே இருப்பவள் என்னதான் செய்வாள்? கோழிக்கடைக்காரி கதவை ஒரு விரல் அகலம் திறந்து, அந்த இடைவெளியில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

“யாரு, பினாயில்காரியோட அண்ணன் பொண்ணா? கதவையும் தட்டற, திறக்காதேங்கற. வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?”

“கதவை இல்லக்கா, பாட்டிலை! காலையில எங்க அத்தைகிட்ட ப்ளீச் ஊத்திக்கிட்டீங்கல்ல, அந்தப் பாட்டிலை.”

“அதைத் திறந்து எந்நேரமாச்சு! உள்ள வா, வந்து பாரு.”

கதவைத் தட்டிய வாண்டு மூன்று மாடியையும் ஒரே ஓட்டமாக ஏறி வந்திருந்தாள். கோழிக்கடைக்காரி அவளை இழுத்துக்கொண்டு போய்ப் பாத்திரம் கழுவும் மூலையைக் காட்டினாள். தரையில் இன்னும் நுரை பொரிந்துகொண்டிருந்தது. அழுக்கேறிக் கறுத்துக் கிடந்த சிமெண்டு, தேய்க்காமலே வெளுத்திருந்தது.

“பாத்தியா? எத்தனை வருஷக் கறை! இரும்பு நாரைப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு எனக்குத் தோள்பட்டை கழண்டதுதான் மிச்சம். இன்னிக்கு உங்க சரக்கு பேசுது. இரு, பழைய பாட்டில்ல ப்ளீச் கொஞ்சம் அடியில கெடக்கு. அதையும் மேல ஊத்தி அலசி விட்டா…”

பழைய பாட்டிலை எடுத்து மூடியைத் திருகப் போனாள். வாண்டு பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு பேருமாகச் சுவரில் போய் மோதினார்கள். பாட்டில் சமையல் மேடைக்கு அடியில் உருண்டது. நல்ல வேளை, மூடி கழலவில்லை.

“என்னடி பொண்ணு நீ! கைய உடைச்சிருப்பியே!”

“அக்கா, காலையில ஊத்தினது ப்ளீச்சே இல்ல. அது ஆசிட். கக்கூசுக்குப் போடறது. மாறிப்போச்சு. அதுமேல ப்ளீச் பட்டா புகை வரும். மூச்சை அடைச்சிரும். ஜன்னலைத் திறங்க, வெறும் தண்ணியா ஊத்துங்க. வேற எதுவும் ஊத்தாதீங்க.”

கோழிக்கடைக்காரி தரையையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு வேறொன்று வந்தது.

“ஆசிட்டா? அதான் இந்தப் போடு போடுதா? அப்ப மிச்சத்தை நான் தரமாட்டேன். எனக்கு இதுதான் வேணும்.”

“அக்கா, உங்க கால்ல விழறேன்.”

“விழாத, அங்க ஈரம்.”

மன்றாடிக் கெஞ்சி, சத்தியம் செய்து, பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வாண்டு படியிறங்கினாள். பையில் இதோடு மூன்று பாட்டில் ஆனது. அத்தை சொன்னதில் இன்னும் இரண்டு பேர் பாக்கி.

தெருவில் காற்று என்ற பேச்சே இல்லை. மழைக்குக் கூடிய வானம் மழையும் பெய்யாமல், கலையவும் செய்யாமல் தலைக்கு மேல் மூடி போட்ட மாதிரி நின்றது. கொடியில் போட்ட துணி அசையவில்லை. இந்த மாதிரி நாளில் புகை மேலே போகாது, தரையோடு படுத்துக் கிடக்கும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அவர்கள் வீட்டு முன்னறைதான் கம்பெனி. ‘கம்பெனி’ என்பது அத்தை வைத்த பெயர். ஒரு ஜன்னல், ஒரு பல்பு, சுவரோரம் கேன்கள், நடுவில் நீல டிரம். தையல் கம்பெனியில் ஆள் குறைத்தபோது அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா லாரி ஏறினால் எப்போது வருவார் என்று லாரிக்கே தெரியாது. அம்மா யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு பினாயில் போட ஆரம்பித்தாள். மஞ்சள் எண்ணெயைத் தண்ணீரில் விட்டதும் டிரம் முழுக்கப் பால் மாதிரி வெளுக்கிறதே, அதைப் பார்க்க அம்மாவுக்குத் தனிச் சந்தோஷம். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். பலகைத் துடுப்பால் ஒரே பக்கமாகச் சுற்றிக் கலக்க வேண்டும். கை வலிக்கிறதென்று திசையை மாற்றினால் நுரை பொங்கித் தரைக்கு வந்துவிடும். அப்புறம் ப்ளீச். அப்புறம் ஆசிட். சரக்கெல்லாம் அத்தையின் மொபெட்டில் ஏறித் தெருத்தெருவாகப் போகும். வாடிக்கைக்காரர்கள் பழைய பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினால் அத்தை கேனிலிருந்து ஊற்றிக் கொடுப்பாள். புதுப் பாட்டில் கேட்டால் காசு அதிகம், அதிலும் கேனிலிருந்துதான் ஊற்றுவாள்; ஆசிட் மட்டும் வீட்டிலேயே ரொப்பி வைத்த பாட்டிலில் போகும்.

அம்மாவின் நெஞ்சு கெட்டுப்போனது இந்த மழைக்காலத்தில்தான். ‘இனிமே அந்த வாடை பக்கம் போனா என்கிட்ட வராத, நேரா மேல போயிரு’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அம்மா உள்ளறையில். கதவுக்கு அடியில் ஈரத்துணி அடைத்து, அங்கிருந்தே குரலால் வேலை வாங்குவாள். கலக்குவது வாண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு டிரம்மோடு நிற்பாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, பரீட்சைத் தாளில் பேனா வழுக்கும்.

ஆசிட்டும் ப்ளீச்சும் ஒரே மாதிரி வெள்ளைக் கேன். பார்த்தால் இரண்டும் தண்ணீர்தான். அடையாளத்துக்கு ஆசிட் கேனின் கைப்பிடியில் அம்மா ஒரு சிவப்புத் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தாள். அந்தக் கேனில்தான் நீலச் சாயம் விழ வேண்டும். ஊற்றுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நீலம் என்றால் கக்கூசுக்கு, நிறமில்லாதது துணிக்கு. அவ்வளவுதான் கணக்கு.

நேற்று சாயங்காலம் ப்ளீச் கேனில் செருகிய ரப்பர் குழாய் நழுவி நழுவி வெளியே வந்தது. கட்டிவைக்கக் கைக்கு எட்டியது அந்தச் சிவப்புத் துணி. ஆசிட் கேனிலிருந்து அவிழ்த்து, குழாயை ப்ளீச் கேனின் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். வேலை முடிந்ததும் குழாயை உருவினாள். துணி அங்கேயே நின்றது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். ஆறிய சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவள், சிவப்புத் துணி கட்டிய கேனில் சாயப் பொட்டலத்தைக் கொட்டினாள். நீலம் அழகாகப் பரவியது. ஒரு மணி நேரம் அந்த அறையில் நின்றால் மூக்கு செத்துவிடும்; எல்லா வாடையும் ஒரே வாடைதான். நீலத்தைப் பாட்டில்களில் ரொப்பி வரிசையாக வைத்துவிட்டுப் படுத்தாள்.

விடிந்ததும் அத்தை வந்தாள். அத்தைக்கு ஒரு காய்ச்சலில் மோப்பமே போய்விட்டது. கருவாடும் ரோஜாவும் அவளுக்கு ஒன்று. துணி கட்டாத கேனை ப்ளீச் என்று மொபெட்டில் ஏற்றிக்கொண்டே குரல் கொடுத்தாள்.

“ஏய் வாண்டு, சாயக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான். நீலம் எங்கடி? பாட்டில் எல்லாம் பச்சத் தண்ணி மாதிரி நிக்குது.”

“இருக்கும் அத்தை, பல்பைப் போட்டுப் பாரு,” என்று பாயிலிருந்தே சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தாள்.

பல் தேய்க்கும்போதுதான் மண்டையில் இறங்கியது. பிரஷ்ஷை வாயிலேயே கவ்விக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். நேற்று நீலமாக நின்ற பாட்டில்கள் எல்லாம் வெளுத்து நின்றன. ஆசிட்டில் போட்ட நீலம் மாதக்கணக்கில் நிற்கும். நிறத்தைத் தின்கிறது ஒன்றே ஒன்றுதான். நீலம் விழுந்தது ப்ளீச்சில். அப்படியானால் அத்தை ப்ளீச் என்று கொண்டுபோன கேனில் இருப்பது?

அத்தைக்குப் போன் போட்டாள். மொபெட் சத்தத்தில் அத்தைக்கு இடியே விழுந்தாலும் கேட்காது. ஓடினாள்.

தையல்காரர் வீட்டுக் கொல்லையில் கூட்டம். அந்த வீட்டு அம்மா நீட்டிய பாட்டிலில் பழைய ப்ளீச் கால்வாசி கிடந்திருக்கிறது. அத்தை மேலேயே ஊற்றியிருக்கிறாள். பாட்டில் புஸ்ஸென்று சீறி, பச்சையும் மஞ்சளுமாகப் புகையைக் கக்கியிருக்கிறது. தையல்காரர் பெண்டாட்டி வாடை பட்டதும் எகிறி ஓடிவிட்டாள். அத்தைக்கு வாடை தெரியாது. ‘என்னடா இது, பொங்குதே’ என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

வாண்டு போனபோது அத்தை மரத்தடியில் உட்கார்ந்து குடலே வெளியே வருகிற மாதிரி இருமிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் ரத்தமாக இருந்தன.

“வெட்டவெளியில நின்னதாலதான் பொழச்சா,” என்றார் தையல்காரர். “இதே பாத்ரூமுக்குள்ளன்னா கதை முடிஞ்சிருக்கும். வண்டி சொல்லியிருக்கேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ போய் உங்க அம்மாகிட்ட சொல்லு.”

“அத்தை, இதுக்கு முன்னாடி யார் யாருக்கு ஊத்தின? சொல்லு அத்தை!”

அத்தையிடம் குரல் இல்லை. வெறும் காற்றுதான் வந்தது. அதிலும் அவள் வாய் அடங்கவில்லை.

“கோழிக்கடைக்காரி… மாடி. அப்புறம் லாட்ஜ் வாட்ச்மேன்… மூக்குப்பொடி… அவன் பாட்டில் கழுவி காய வெச்சிருந்தான், சுத்தக்காரன்… அப்புறம் பல்லு டீச்சர்… அப்புறம் இஸ்திரிக்காரன் வீடு… ஏண்டி அழற? நான் செத்தா போயிட்டேன்?”

“அவ்வளவுதானா அத்தை? நல்லா யோசி.”

அத்தை யோசித்தாள். இருமினாள். விரலால் காற்றில் ஏதோ வரைந்தாள்.

“ஒருத்தி. மஞ்ச நைட்டி. இடுப்புல புள்ள. மில்லு பின்னாடி சந்து முனையில நிறுத்தி வாங்கினா. புதுப் பாட்டிலுக்குக் காசு அதிகம்னு சண்டை போட்டா. முன்ன பின்ன பாத்ததில்ல.”

அதற்குள் வண்டி வந்துவிட்டது.

வாட்ச்மேன் பாட்டிலைத் திறக்கவே இல்லை. இஸ்திரிக்காரன் வீட்டில் வெறும் வாளியில் ஊற்றி வைத்திருந்தார்கள், துணி போடவில்லை. அதை அவளே சாக்கடையில் கொட்டி, பின்னாலேயே நாலு வாளித் தண்ணீர் ஊற்றி, மிச்சமிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டாள். மூன்றாவது கோழிக்கடைக்காரி. நாலாவது பல்லு டீச்சர். டீச்சர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, ‘படிக்கற புள்ள கையில இதெல்லாம் எதுக்குக் குடுக்கறாங்க’ என்று ஆரம்பித்தார். வாண்டு அடுத்த படியில் இருந்தாள்.

மில்லுக்குப் போகும் வழியில்தான் வீடு. ஒரு நிமிஷம் உள்ளே நுழைந்தாள். பாட்டில்களை மூலையில் வைத்துவிட்டு உள்ளறைக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள்.

“யாரது? வாண்டா? ஏன் இப்படி மூச்சு வாங்கற? எனக்குத்தான் வீசிங், உனக்குமா?”

“அம்மா, ஆசிட்டும் ப்ளீச்சும் மாறிப்போச்சும்மா.”

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அடைத்த துணி நகர்ந்தது. கதவு திறந்தது. அம்மாவின் நெஞ்சுக்கூடு நைட்டிக்குள் ஏறி இறங்குவது தெரிந்தது. வாண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்: சிவப்புத் துணி, குழாய், வெளுத்துப்போன நீலம், அத்தையின் கண்.

அம்மா செருப்பைத் தேடினாள்.

“எங்கம்மா போற?”

“தேடறதுக்கு.”

“நீ வந்தா நான் உன்னைத் தூக்கிட்டுத் திரியவா, பாட்டிலைத் தேடவா? படும்மா.”

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று வாண்டு காத்திருந்தாள். ஒரு அறை விழுந்தாலும் தேவலை என்றிருந்தது.

“திட்ட மூச்சு இல்லடி. அப்புறம் வெச்சுக்கறேன்,” என்றாள் அம்மா. “கேளு. வீடு வீடாத் தட்டாத. நேரம் போயிரும். கத்து. உங்க அத்தை எப்படிக் கத்துவாளோ அப்படிக் கத்து. யாராவது ஏற்கெனவே புகைய வெச்சிருந்தா நீ உள்ள போகாத. வெளியிலேர்ந்து கூப்பிடு, ஆளைக் கூட்டு. புரியுதா? உள்ள போகாத.”

“சரிம்மா.”

“சாப்பிட்டியா?”

இந்த நேரத்தில் இதைக் கேட்க அம்மாவால்தான் முடியும். வாண்டு ஓடினாள்.

மில்லு பின்னாடி சந்து நீளமானது. இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக ஒண்டுக் குடித்தனங்கள். அவளோடு படிக்கிற பெண்கள் நாலு பேர் அங்கே இருக்கிறார்கள். வீட்டில் பினாயில் போடுகிற விஷயம் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாதென்று கையை எப்போதும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்வாள். சந்து முனையில் நின்று வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள்.

“ப்ளீச்… காலையில ப்ளீச் வாங்கினவங்க… திருப்பிக் குடுங்க!”

அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. மொட்டைமாடியில் முகம் மழித்துக்கொண்டிருந்த ஆள் நுரையோடு எட்டிப் பார்த்தான்.

“என்னம்மா, விக்கறதுக்குத்தான் கத்துவாங்க. திருப்பி வாங்கறதுக்கும் கத்துவாங்களா? காசு தருவியா?”

“தர்றேன் அண்ணே. பாட்டில் இருக்கா?”

“இருக்கு, இருக்கு.”

“காலையில வாங்கினதா?”

“போன வருஷம் வாங்கினது.”

கீழே குழாயடியில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர் பினாயில் என்ன விலை என்று கேட்டார். ஜன்னலில் ஒரு முகம் தோன்றி மறைந்தது. அவள் வகுப்புப் பெண்தான். வாண்டு கையைப் பைக்குள் விடவில்லை. இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு இன்னும் பெரிதாகக் கத்தினாள்.

“மஞ்ச நைட்டி அக்கா! புள்ளையோட வாங்கின அக்கா! அதை ஊத்தாதீங்க! அது ப்ளீச் இல்ல, ஆசிட்! உயிர் போயிரும்க்கா!”

சிரிப்பு நின்றது. குழாயடியில் ஒருத்தி குடத்தை இறக்கி வைத்தாள்.

“கைக்கொழந்தைக்காரியா? கடைசி வீட்டு மாடிக்குப் புதுசா வந்திருக்கா பாரு, அவளா இருக்கும். ஓடு.”

மாடியேறும்போதே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. கதவு திறந்தே இருந்தது. மஞ்சள் நைட்டி. இடுப்பில் பிள்ளை. வாண்டு வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, காலையில வாங்கின ப்ளீச்…”

“கேட்டுச்சு, கேட்டுச்சு, ஊரையே கூட்டிட்டியே. நான் இன்னும் தொடல. இவன் விட்டாத்தானே? அந்தா பாரு, அலமாரிக்கு மேல.”

அலமாரி மேல் பாட்டில் நின்றது. வாண்டு எழுந்து போய் எடுத்தாள். பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதும் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“அழாத. ஒண்ணும் ஆகலியே. தண்ணி குடிக்கிறியா?”

தலையாட்டினாள். அப்போதுதான் பாட்டில் கையில் இலேசாக இருப்பது தெரிந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பாதிதான் இருந்தது.

“அக்கா, இதுல பாதி எங்க?”

“அதுவா? பக்கத்து ரூம் பளபளா எடுத்துக்கிட்டா. புதுப் பாட்டில் விலை கட்டுப்படியாகலன்னு ரெண்டு பேரும் பாதிப் பாதின்னு பேசித்தான் வாங்கினோம்.”

“பளபளாவா?”

“பேரு வேற. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. வீடு கழுவுற வேலை. அவ கழுவினா பளபளன்னு இருக்கும். ஒண்ணை மட்டும் ஊத்தினா அழுக்கு போகாதும்பா. பினாயில், ப்ளீச், சோப்புத் தண்ணி, கையில என்ன இருக்கோ எல்லாத்தையும் மொத்தமாக் கலந்து ஊத்தி ஊற வெச்சிருவா. கூடை நிறைய பாட்டிலா தூக்கிட்டுத்தான் போவா.”

வாண்டு வெளியே வந்து பக்கத்துக் கதவைப் பார்த்தாள். பூட்டு தொங்கியது.

“எப்பக்கா போனாங்க?”

“நீ சந்து முனையில கத்த ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முந்தி. ஏஜென்ட் போன் பண்ணான்னு அவசர அவசரமா ஓடினா.”

“எந்த வீட்டுக்கு?”

“அது எனக்கெப்படித் தெரியும்? தினம் ஒரு இடம். இன்னிக்கு யாரோ குடியிருந்தவங்க காலி பண்ணிட்டுப் போன வீடாம். பாத்ரூம் கழுவி எத்தனை காலமோ, நாறுதாம். ஆளில்லாத வீடு, சாவியை வாங்கிக்கிட்டு இவ ஒருத்தியே போய்க் கழுவணும்னு சொல்லிட்டே போனா.”

“நம்பர் இருக்காக்கா? அவங்க நம்பர்? சீக்கிரம்க்கா!”

மஞ்சள் நைட்டிக்காரி பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிவிட்டுப் போனைத் தேடி எடுத்தாள். அவள் முகத்திலும் இப்போது சிரிப்பு இல்லை. நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள்.

மணி அடித்தது. பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து.

இருவரும் கதவைப் பார்த்தார்கள். ஏதோ பழைய பாட்டின் இரண்டு வரி திரும்பத் திரும்ப அந்த இருட்டு அறைக்குள் பாடியது.

“சார்ஜ் போட்டிருந்தா. விட்டுட்டுப் போயிட்டா போல,” என்றாள் மஞ்சள் நைட்டிக்காரி மெதுவாக.

“ஏஜென்ட் நம்பர்?”

“அது அவ போன்லதான் இருக்கும்.”

வாண்டு கைப்பிடிச் சுவருக்கு ஓடினாள். கீழே சந்து. சந்து போய்ச் சேரும் பெரிய ரோடு. ரோட்டில் இந்தப் பக்கம் ஒரு பஸ், அந்தப் பக்கம் ஒரு பஸ். அதற்கப்பால் ஊர் முழுக்க வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பாத்ரூம். எந்தத் திசையைப் பார்த்துக் கத்துவது? கையைக் குவித்தாள், இறக்கினாள். மஞ்சள் நைட்டிக்காரி மறுபடி நம்பரை அழுத்தினாள். வேறென்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. உள்ளே பாட்டு மறுபடி ஆரம்பித்தது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அக்கா,” என்றாள் வாண்டு. “அவங்க கதவைச் சாத்திக்கிட்டுக் கழுவுவாங்களா, திறந்து வெச்சுக்கிட்டா?”